கடைசி பெஞ்சில் ஒரு புதியவர்

ஸ்பீக்கர் அக்கா வாயைத் திறந்தால் ரயில் நிலையமே பெட்டியைத் தூக்கும். அவள் அங்கே அறிவிப்பாளர். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று தேன் தடவிய குரலில் அவள் ஆரம்பித்ததும், தூங்குகிறவன்கூட எழுந்து செருப்பைத் தேடுவான். இத்தனை வருஷத்தில் எல்லா வரியும் மனப்பாடம். திரையில் எண் வரும், இவள் வாய் திறக்கும். ரயில் நிஜமாகவே வருகிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் வழக்கம் கிடையாது. ஒருமுறை ரத்தாகிவிட்ட ரயிலை 'இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்' என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் "முந்தைய அறிவிப்பில் ஒரு திருத்தம்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அன்று பிளாட்பாரத்தில் கேட்ட வசவு இருக்கிறதே, அது ஏழு தலைமுறைக்குப் போதும்.

அந்தக் குரலுக்காகவே சபையிலும் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஞாயிறு ஆராதனையில் மிஷனரி ஜெபக் குறிப்பு சொல்லும் வேலை.

மிஷனரி என்றால் யாரோ எவரோ இல்லை. இதே சபையில் வளர்ந்தவன். கன்னம் இரண்டும் உப்பி, கழுத்தே தெரியாமல் இருப்பான். அதனால் ஊருக்கே அவன் பூசணி. அக்காவின் புருஷனுக்கு உயிர்த் தோழன்; ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டவர்கள். பூசணி கட்டிக்கொண்டதும் இதே சபைப் பெண்ணைத்தான். சில்லறையைக் கொட்டின மாதிரி சிரிப்பாள் என்பதால் அவளுக்குச் சில்லறை என்று பெயர். அவள் கல்யாண உடைக்குக் கடைசி ஊக்கைக் குத்திவிட்டது ஸ்பீக்கர் அக்காதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன் இருவரையும் நடுவில் மண்டியிட வைத்து, சபை முழுவதும் சுற்றி நின்று, தலையில் கை வைத்து, எங்கோ மலைக்கு அப்பால், ஆற்றுக்கு அப்பால் அனுப்பி வைத்தது. அதற்குப் பிறகு பூசணியின் படம் சட்டம் போட்டுச் சுவரில் ஏறியது. உப்பிய கன்னம், கருகரு மீசை, அடர்ந்த சுருட்டை முடி. 'நம் மிஷனரி' என்று கீழே எழுதியிருக்கும். வாராவாரம் குறிப்பு சொன்னதும் எல்லாரும் எழுந்து அந்தப் படத்தை நோக்கிக் கையை நீட்டி ஜெபிப்பார்கள். ஊரில் வேறு எந்தச் சபையிலும் இல்லாத வழக்கம் என்று அவர்களுக்கு அதில் ஒரு பெருமை.

அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

வாசலில் அக்காவின் புருஷன் நின்றான். வாரம் முழுவதும் ஏசி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவேற்பாளர். புதிதாக வருகிறவர்களின் சட்டையில் ஒரு துணி ரோஜாவைக் குத்தி, "வாங்க, வாங்க, நம்ம வீடு மாதிரி நெனச்சுக்குங்க" என்று கையைக் குலுக்குவது அவன் வேலை. அன்று ஒல்லியாக, மழித்த தலையோடு, வெயிலில் கறுத்துப்போன ஒருவர் படியேறி வந்தார். சட்டை, ஹேங்கரில் தொங்குவது போல் உடம்பில் தொங்கியது.

"முதல் தடவையா?" என்றான் மெக்கானிக் முகமெல்லாம் பல்லாக.

வந்தவர் ஒரு நொடி அவனையே பார்த்தார். "அப்படித்தான் போல" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் கூச்சப்படாதீங்க. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க, முன்னாடி ஏசி கொஞ்சம் மக்கர் பண்ணுது. நானே மெக்கானிக், நானே சொல்றேன், பாத்துக்குங்க!" என்று சிரித்துக்கொண்டே ரோஜாவைக் குத்திக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தான்.

போதகர் மூன்று வருஷத்துக்கு முன் மாற்றலாகி வந்த இளைஞர். "புதியவர்கள் எழுந்து தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம்" என்றார். ரோஜாக்காரர் எழுந்திருக்கவில்லை. கூச்சம் போல என்று எல்லாரும் அவருக்காகக் கைதட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள்.

ஸ்பீக்கர் அக்கா மைக்குக்கு வந்தாள். தாளும் இல்லை, குறிப்பும் இல்லை. கண்ணை மூடினாள்.

"தூர தேசத்தில் ஊழியம் செய்யும் நம் மிஷனரிக்காக ஜெபிப்போம். அவருடைய சரீர பெலனுக்காக. அவர் மொழியை நன்றாகக் கற்றுக்கொள்ள. அங்கே ஒரு சபை எழும்ப. நிறைமாதமாக இருக்கும் அவருடைய மனைவியின் சுகப்பிரசவத்திற்காக."

"ஆமென்" என்றது சபை. அத்தனை பேரும் எழுந்து சுவரை நோக்கிக் கை நீட்டினார்கள். கடைசி பெஞ்சில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தபடியே நீட்டிய கைகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதிய ஷிப்ட் இருந்ததால் சீக்கிரம் கிளம்ப வசதியாக அக்கா கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். பிரசங்கம் தொடங்கியதும் வந்து ரோஜாக்காரருக்குப் பக்கத்தில் அமர்ந்தாள்.

அவர் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்: "அக்கா, அந்தப் பிரசவம் எப்ப முடியும்?"

"என்னது?"

"இல்ல, நிறைமாசம்னு சொன்னீங்களே. எத்தனை வருஷமா நிறைமாசம்? யானைகூட ரெண்டு வருஷத்துல குட்டி போட்டுடும்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. வந்த முதல் நாளே வாய் எவ்வளவு நீளம்! "நீங்க யாரு? எங்க மிஷனரியப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, வாயை மூடி, மூச்சை இழுத்து, இரண்டு கன்னத்தையும் உப்ப வைத்தார்.

அக்கா உற்றுப் பார்த்தாள். அந்தக் கண்கள். இடது புருவத்தை வெட்டிய அந்தத் தழும்பு. புருஷனோடு பந்து விளையாடும்போது பட்ட காயம். அவள்தான் மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

"பூ..." என்றாள். மீதி வரவில்லை. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். முன் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எப்படி எழுந்தாள், எப்படி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்கே தெரியாது. அது சின்னப் பிள்ளைகளின் வேதபாட அறை. அன்று விடுமுறை. முழங்கால் உயர நாற்காலிகளும் வண்ணத்தாள் ஒட்டிய சுவர்களும். இருவரும் அந்தக் குட்டி நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"தம்பி, நெஜமா நீதானா? இப்படி உருகிப் போயிருக்கியே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உன் ஃப்ரெண்டு உனக்கே ரோஜா குத்தியிருக்காரு. பாவி மனுஷன், அவருக்குக் கண்ணு எங்க போச்சு? எனக்கும்தான் எங்க போச்சு!" படபடவென்று கொட்டினாள். "எங்க அவ? எங்க சில்லறை? அவளையும் ஒளிச்சு வெச்சிருக்கியா? வெளில நிக்கிறாளா?"

அவள் வாசலை எட்டிக்கூடப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, உக்காருங்க. உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"அவ போயிட்டா. எட்டு மாசம் ஆச்சு."

சில வார்த்தைகள் காதில் விழுந்த பிறகும் உள்ளே இறங்குவதில்லை, வாசலிலேயே நிற்கும். அக்கா அவன் வாயையே பார்த்தாள். சற்று முன் மைக்கில் கேட்ட தன் குரலே அவள் காதுக்குள் திரும்பி ஒலித்தது. 'மனைவியின் சுகப்பிரசவத்திற்காக.' மண்ணுக்குள் கிடக்கிறவளுக்கு. வாராவாரம். தேன் தடவிய குரலில்.

"காய்ச்சல்" என்றான் அவன். "மழையில ரோடு துண்டிச்சுப் போச்சு. எங்களோட இருந்த ஆம்பளைங்களே ஏழு பேர்தான். கட்டிலோட தூக்கிட்டு ஆத்தைத் தாண்டினாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல கட்டிலை இறக்கும்போது உயிர் இல்ல."

"எங்களுக்கு யாருமே சொல்லலையே..."

"மிஷன் ஆபீசுக்குச் சொன்னேன். அவங்க சபைக்கு மெயில் அனுப்பிட்டோம்னாங்க."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்த மெயிலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த செயலாளர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய் வருஷக்கணக்காகிறது. அந்தப் பெட்டியை யாரும் திறப்பதே இல்லை. மிஷனரிக்குத்தான் ஆபீஸ் இருக்கிறதே என்று இவர்கள் இருந்துவிட்டார்கள். சபைக்குத்தான் மெயில் போட்டாயிற்றே என்று அவர்கள் இருந்துவிட்டார்கள்.

"நீயாவது ஒரு போன் பண்ணக் கூடாதா தம்பி?"

"முதல்ல வாரா வாரம் பேசினோம். அப்புறம் மாசா மாசம். அப்புறம் பண்டிகைக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்பறதோட நின்னு போச்சு. அவ போன பிறகு நீங்க எல்லாரும் கூப்பிடுவீங்கன்னு போனைக் கையிலயே வெச்சுட்டு உக்காந்திருந்தேன்க்கா. யாரும் கூப்பிடல. தெரிஞ்சும் கூப்பிடலன்னு நெனச்சேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் போதகர் 'பூமியின் கடைசி பரியந்தமும்' என்று உரத்த குரலில் பிரசங்கித்துக்கொண்டிருந்தார்.

"குழந்தை?" அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "குழந்தை பொறந்துச்சா இல்லையா?"

"பொண்ணு. நாலு வயசு ஆகுது. அவ அம்மா மாதிரியே சிரிக்குது."

"எங்க அவ? யார்கிட்ட விட்டுட்டு வந்த?"

"சபைகிட்ட."

"எந்தச் சபை?"

"அங்க உள்ளதுதான். சபை எழும்பணும்னு சொன்னீங்களே, எழும்பி ஆறு வருஷம் ஆச்சு. முப்பது பேர் இருப்பாங்க. தையல்காரர் வீட்டுல சாப்பாடு. லாரி டிரைவர் வீட்டுல தூக்கம். சண்டை போட்டுக்கிட்டு வெச்சுக்கிறாங்க. நான் சாப்பிடாம கெடந்தப்போ எனக்கும் அவங்கதான் ஊட்டினாங்க. 'ஊருக்குப் போ, உன்னை அனுப்பின சபையைப் பாத்து அழுதுட்டு வா. இங்கேயே அழுதா தீராது'ன்னு டிக்கெட் எடுத்துக் கொடுத்ததும் அவங்கதான்."

அக்கா தரையைப் பார்த்தாள்.

"இங்க வந்து அழலாம்னுதான் வந்தேன்" என்றான் அவன். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "வாசல்லயே ரோஜா குத்திட்டாங்க. சரி, யாராவது ஒருத்தர் கண்டுபிடிச்சா போதும்னு உக்காந்தேன். எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிட்டு என் படத்துக்கு ஜெபம் பண்ணாங்க."

"மன்னிச்சிரு தம்பி..."

"கோவம் இல்லக்கா. வியாழக்கிழமை ரயில்ல திரும்பிடுவேன். போகாம இருக்க முடியாது, பொண்ணு அங்க இருக்கா. ஆனா ஆராதனை முடிஞ்சதும் அந்தப் படத்தைக் கழட்டிக் கொடுத்திடுங்க. எடுத்துட்டுப் போயிடறேன். இனிமே நான் உங்க மிஷனரி இல்ல. அங்க உள்ள சபையில ஒரு ஆளு, அவ்வளவுதான். அன்னைக்கு ஆபீஸ் என்னை அனுப்பல, டிக்கெட்தான் போட்டுச்சு. அனுப்பினது நீங்க. என் தலையில கை வெச்சது நீங்க. அந்தக் கை இன்னும் இருக்கான்னு பாக்க வந்தேன்."

சொல்லிவிட்டுச் சட்டையில் இருந்த துணி ரோஜாவை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பக்கத்தில் பாட்டு ஆரம்பமாகியிருந்தது. இன்னும் இரண்டு சரணம், பிறகு ஆசீர்வாதம், பிறகு எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவனும் போய்விடுவான், படத்தோடு. அக்கா எழுந்தாள். குட்டி நாற்காலி அவளோடு ஒட்டிக்கொண்டு எழுந்து, பொத்தென்று விழுந்தது.

"நீ வா" என்றாள்.

பாட்டு முடியவும் அவள் மைக் அருகே போகவும் சரியாக இருந்தது. போதகர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொல்லப் போனவர், "சிஸ்டர், அறிவிப்பெல்லாம் முடிஞ்சதே?" என்றார்.

"முடியல பாஸ்டர்."

மைக்கைப் பிடித்தாள். கண்ணை மூடப் போய், மூடாமல் விட்டாள். குரல் தேனாக வரவில்லை, தகரமாக வந்தது.

"முந்தைய அறிவிப்பில் ஒரு திருத்தம்."

முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ரயில் நிலையக் கதை அவர்களுக்குத் தெரியும்.

"நம்ம மிஷனரியோட மனைவிக்குச் சுகப்பிரசவம் ஆகணும்னு சொன்னேன். நாலு வருஷத்துக்கு முன்னாடியே ஆயிடுச்சு. பொண்ணு. அங்க சபை எழும்பணும்னு சொன்னேன். அதுவும் எழும்பிடுச்சு. மிஷனரியோட மனைவி..." இங்கே நின்றாள். "நம்ம சில்லறை. இந்த ரெண்டாவது தூண் பக்கத்துல நின்னு பாடுவாளே, அவ. எட்டு மாசத்துக்கு முன்னாடி செத்துப் போயிட்டா."

சிரித்த இரண்டு பேரின் வாய் திறந்தபடியே நின்றது. எங்கோ ஒரு பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"மிஷனரி தூர தேசத்துல இருக்காருன்னு சொன்னேன். இல்ல. அதோ, கடைசி பெஞ்சுக்குப் பக்கத்துல நிக்கிறாரு. ரோஜா குத்தியிருக்கு பாருங்க. அது அவர்தான்."

சபை முழுவதும் திரும்பியது. ஜெபத்தில் முதுகைக் காட்டியவர்கள் எல்லாருக்கும் இப்போது முகம் இருந்தது. ஒருவராலும் எழுந்திருக்க முடியவில்லை. அவனும் சுவரோடு சுவராக நின்றிருந்தான்.

வாசலில் நின்ற மெக்கானிக்தான் முதலில் அசைந்தான். அவன் நடந்து வந்தது நடையாக இல்லை. தண்ணீருக்குள் நடப்பது போல இருந்தது. நண்பனுக்கு எதிரே நின்று மேலும் கீழும் பார்த்தான்.

"டேய்" என்றான். "கன்னம் எங்கடா போச்சு?"

"தெரியலடா."

"நம்ம வீடு மாதிரி நெனச்சுக்குங்கன்னு சொன்னேனேடா உன்கிட்ட. உன்கிட்ட போய்!" மெக்கானிக்கின் விரல்கள் நண்பனின் சட்டையில் அந்த ரோஜாவைக் கழற்ற முயன்றன. நாளெல்லாம் மயிரிழைக் கம்பியைப் பிடித்து வேலை செய்கிற விரல்கள்; ஒரு ஊக்கு வசப்படவில்லை. கடைசியில் ஊக்கு அவன் விரலிலேயே குத்தியது. ரத்தத்தைத் துடைக்காமல் அப்படியே அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். எட்டு மாதமாகத் தேக்கி வைத்த மற்றவனும் அப்போதுதான் உடைந்தான்.

அதற்குப் பிறகுதான் ஆட்கள் பெஞ்சைத் தாண்டித் தாண்டி ஓடி வந்தார்கள்.

அழுகை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் பூசணியின் பையில் இருந்த போன் அடித்தது. அங்கேயும் ஆராதனை முடிந்திருக்கிறது. திரையில் ஒரு தகரக் கூரை, நெருக்கியடித்த முகங்கள், நடுவில் ஒருவர் மடியில் ஒரு சின்னப் பெண். அக்கா போனை வாங்கினாள்.

"கண்ணு, என்னைத் தெரியுதா?"

குழந்தை உற்றுப் பார்த்தது. "ரயில் அத்தையா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க தினம் உங்களுக்கு ஜெபம் பண்றோமே. ரயில் அத்தைக்கு, ஏசி மாமாக்கு, மாமா வீட்டுப் பாட்டியோட முட்டிக்கு." அது முகத்தைத் திரைக்கு நெருக்கமாகக் கொண்டு வந்தது. "பாட்டிக்கு முட்டி சரியாயிடுச்சா?"

அக்கா புருஷனைப் பார்த்தாள். அவனுடைய அம்மா முட்டி வலியோடு படுத்து, எழுந்திருக்காமலே போய் நான்கு வருஷமாகிறது. பூசணிக்குச் சின்ன வயதில் அந்தக் கிழவி கையால்தான் சோறு.

"அம்மா போயிட்டாங்களா?" என்றான் பூசணி. அவன் முகத்தில் சற்று முன் அக்காவின் முகத்தில் இருந்த அதே திகைப்பு. "எப்படா? ஏண்டா சொல்லல?"

"ஆபீஸ் மூலமா சொல்லியிருப்பாங்கன்னு..." என்று ஆரம்பித்த மெக்கானிக் வாயை மூடிக்கொண்டான்.

"அத்தை, சரியாயிடுச்சா?" என்றது குழந்தை விடாமல்.

இன்னொரு திருத்தம். இதை மைக்கில் சொல்ல முடியாது. "பாட்டி செத்துப் போயிட்டாங்க கண்ணு."

குழந்தை கொஞ்சம் யோசித்தது. "எங்கம்மாவும்தான்" என்றது. "உங்களுக்குச் சொன்னாங்களா?"

"இப்பத்தான் சொன்னாங்க" என்றாள் அக்கா.

அந்த வாரம் போதகர் படத்தைக் கழற்றினார். பூசணி கேட்டதற்காக இல்லை. "இது இருக்கறதாலதான் நாம ஆளைப் பாக்கல" என்றார். அவன் அதை எடுத்துப் போகவும் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் அவனைத் திரும்ப நடுவில் மண்டியிட வைத்துக் கை வைத்தார்கள். இந்தத் தடவை பக்கத்தில் இன்னொருவனும் மண்டியிட்டான். "நான் ஊழியக்காரன் எல்லாம் இல்ல. ஒரு மாசம் இருந்து புள்ளையப் பாத்துட்டு, தகரக் கூரைக்கு ஒரு வழி பண்ணிட்டு வரேன்" என்றான் மெக்கானிக். பூசணி அழுததைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. தொடர்ந்து உங்கள் ஆளாக இருக்கிறேன் என்றோ, இல்லை என்றோ அவன் வாயிலிருந்து வரவில்லை. யாரும் கேட்கவும் துணியவில்லை. வியாழக்கிழமை காலை கிளம்பும்போது மட்டும், "அக்கா, ஞாயித்துக்கிழமை குறிப்பு சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க" என்றான்.

அன்று அக்காவுக்குக் காலை ஷிப்ட். திரையில் எண் வந்தது. மைக் பொத்தான் மேல் கை போயிற்று. அழுத்தவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தாள். தூசி படிந்து, திறந்தே பழக்கமில்லாத ஜன்னலைத் தோளால் இடித்துத் திறந்தாள். தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, யாரைத் தேடறீங்க?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

தூரத்தில் வளைவில் வண்டியின் மூக்கு தெரிந்தது. பிளாட்பாரத்தில் ஒரு மழித்த தலையும், தோளில் கருவிப்பையோடு ஒரு தொந்தியும் தெரிந்தன.

"வருதான்னு பாத்தேன்" என்றாள். "வருது."

பிறகுதான் வந்து மைக்கை எடுத்தாள்.